பால் வரிசையில் குறைந்த மைல்

எழுபதுகளின் கடைசியில் நான் தலைநகரில், மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்தேன். மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், ஓடுகிறேன் என்று சொல்லத்தான் வாய் வரும். காலையில் ஆபீஸுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு மைல், சாயங்காலம் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை இருபது. வாரத்துக்குத் தொண்ணூறு மைலைத் தாண்டும். எட்டு சப்பாத்தி தின்றும் பசி அடங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவேன். ஆபீஸ் மாடிப்படியைக் கிழவனைப் போல ஒவ்வொன்றாக ஏறுவேன்.

அந்த வருஷம் துறைகளுக்கு இடையிலான மாரத்தான் சென்னையில் நடப்பதாக இருந்தது. எங்கள் அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம். அதற்கு நானும், எங்கள் செக்‌ஷனிலேயே வேலை பார்த்த ஜனக்புரிக்காரர் ஒருவரும் போட்டி. அவரும் தமிழர்தான், சொந்த ஊர் மயிலாப்பூர். இரண்டு வருஷமாக ஊருக்குப் போகவில்லை. தான் ஓடுவதை அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அவ்வளவு மைல் ஓடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கு மனசு வரும்?

நீண்ட ஓட்டத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி. அதனால் விளையாட்டைக் கவனித்துவந்த பஞ்சாபி அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். வழக்கமாக ஓடுவதைக் குறைக்காமல், அதற்கு மேல் தினமும் ஒரு மைல் முழு வேகத்தில் ஓட வேண்டும். முப்பது நாள். அவரவர் பேட்டையில் அவரவர் ஓடி, நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட வேண்டும். சாட்சி கிடையாது, நம்பிக்கைதான். களைத்த காலோடும் யாருக்கு நேரம் குறைகிறதோ அவருக்குச் சென்னை.

முதலில் சாணக்யபுரியில் ஓடிப் பார்த்தேன். அகலமான, ஆளில்லாத ரோடு. ஆனால் தூதரக வாசல் காவலர்களுக்கு ஒரு குணம். மெதுவாக ஓடினால் கண்டுகொள்ள மாட்டார்கள். வேகமாக ஓடினால் விசில் ஊதி, "அரே பையா, க்யா உட்டாகே பாக் ரஹே ஹோ?" என்று நிறுத்திவிடுவார்கள். எதைத் திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று அரை டிராயரோடு நின்று விளக்க முடியுமா? பேசாமல் குடியிருப்புக்குள்ளேயே ஓடுவதென்று முடிவு செய்தேன். சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, சுற்றுகளை எண்ணி, பால் பூத் ஜன்னலில் தொடங்கி மூன்று தெருவைச் சுற்றி அதே ஜன்னலில் முடிகிற மாதிரி சரியாக ஒரு மைல் அளந்தேன்.

பூத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மனைவி. விடிவதற்கு முன்பே காலி பாட்டில்களோடு அவள் பால் வரிசையில் நிற்க வேண்டும். வண்டி வருவதற்குள் என் மைல் முடிந்துவிடும். மாமனார் போட்ட கைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்தேன். நான் ஜன்னலைத் தொட்டுவிட்டு "போறேன்!" என்று கத்துவேன், அவள் முள்ளைப் பார்த்துக்கொள்வாள். சுற்றி வந்து அவள் கையைத் தொடுவேன், அவள் நேரத்தைச் சொல்வாள். முதல் நாள் அவள் வரிசையில் மூன்றாவது ஆள், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஐந்து நிமிஷம் ஐம்பத்தெட்டு விநாடி.

அடுத்த வாரமே கால் கட்டையாகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக ஒரு வலி, தொட்டாலே உயிர் போகும். கடைசித் திருப்பத்தில் கண் இருட்டும். தலையைக் குனிந்துகொண்டு, தரையை மட்டும் பார்த்து வந்து அவள் கையில் விழுவேன். ஆனால் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று, ஐம்பத்தொன்று. உடம்பு செத்துக்கொண்டிருந்தபோது வேகம் கூடுகிறதே என்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. பெருமைதான் வந்தது. இதுதான் உண்மையான பயிற்சி என்று செக்‌ஷனில் எல்லோருக்கும் உபதேசம் செய்தேன். அந்த உபதேசத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஜனக்புரிக்காரருடைய சீட்டுகளில் நேரம் ஏறிக்கொண்டிருந்தது. ஆறு நிமிஷத்தில் ஆரம்பித்தவர் ஆறு எட்டுக்கு வந்துவிட்டார். "எப்படி சார் முடியறது உங்களால? எனக்குக் காலைத் தூக்கி வெக்கவே முடியலை" என்றார். பொறாமை இல்லாமல், நிஜமாகவே வியந்து கேட்டார். மனசை வைக்க வேண்டும் என்று நான் பதில் சொன்னேன்.

இனி முடிவு மாறாது என்று, இருபத்தாறாம் நாளே அதிகாரி பட்டியலில் என் பெயரைச் சேர்த்து, டைப் அடித்து, மேலே அனுப்பிவிட்டார்.

இருபத்தெட்டாம் நாள் கடும் பனி. பால் வண்டி வரவில்லை. வரிசை கலைந்து எல்லோரும் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டு பூத்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் அங்கேதான் நின்றாள். நான் வழக்கம்போல் வந்து கையை நீட்டினேன், கை எதையும் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்து, இன்னும் ஓடி, ஜன்னலுக்கு வந்து அவளைத் தொட்டேன்.

"ஆறு பதினாலு" என்றாள்.

"கடிகாரத்துக்குச் சாவி குடுத்தியா இல்லியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"கடிகாரத்துக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் இன்னைக்கு ரொம்ப தூரம் ஓடி வாரீங்க. எப்பவும் அந்த லைட்டுக் கம்பத்துக்கிட்டயே நின்னுருவீங்கள்லா?"

அவள் காட்டிய கம்பம் பனியில் சரியாகத் தெரியக்கூட இல்லை. நடந்து அளந்தேன். நூறு கஜத்துக்கு மேல் இருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த மாத ஆரம்பத்தில் அடுத்த பிளாக் பூத்தை ரிப்பேருக்காக மூடியிருந்தார்கள். அந்த ஜனம் முழுக்க எங்கள் பூத்துக்கு வந்தது. வரிசை நாளுக்கு நாள் பின்னால் நீண்டது, குளிருக்குப் பயந்து தாமதமாகக் கிளம்பிய என் மனைவி அதன் வாலுக்குப் போனாள். நான் ஓடி வருவதும் வால் பக்கத்திலிருந்துதான். இருட்டில் ஜன்னலைத் தொட்டுக் கத்திவிட்டு ஓடுகிற நான், அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் நிற்கிற இடம்தான் எனக்கு எல்லை. தினமும் என் மைல் பத்துப் பேர், இருபது பேர் என்று குறைந்திருக்கிறது. என் வேகமெல்லாம் வரிசையின் நீளம்.

"சொல்லக் கூடாதா நீ?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? என் கையத் தொட்டா மணி சொல்லுன்னீங்க, சொன்னேன். வரிசய விட்டுட்டு முன்னால வந்து நின்னா பால யாரு வாங்குவா?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

அன்றே அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "லிஸ்ட் தோ ஜா சுகி ஹை" என்றார். பட்டியல் போய்விட்டது, மேலே கையெழுத்தும் ஆகிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். உன் வீட்டுக்காரி பால் வரிசையில் பின்னால் நின்றாள் என்று நான் எந்த ஃபைலில் எழுதுவது என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று எழுதித் தருகிறேன் என்றேன். அப்படி எழுதினால் அந்த இடம் காலியாகத்தான் போகும், வேறு பெயரைச் சேர்க்கும் தேதி முடிந்துவிட்டது என்றார். பேசாமல் போய் ஓடு என்று முதுகில் தட்டி அனுப்பினார்.

மிச்சமிருந்தது ஜனக்புரிக்காரரிடம் சொல்வது. மறுநாள் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தோடு என் மேஜைக்குப் பக்கத்தில் காத்திருந்தார். உள்ளே கம்பளிச் சால்வை. "அம்மாவுக்கு சார். மார்கழில கோயிலுக்குப் போறச்சே போத்திப்பா. கொஞ்சம் குடுத்துடறேளா?" என்றார். வாயைத் திறந்தேன். விலாசம் எழுதிய சீட்டையும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சொன்னால் அவருக்குச் சென்னையும் கிடைக்காது, நியாயமாகத் தோற்றோம் என்கிற நிம்மதியும் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்று சொல்வதுதான் சரி.

சென்னையில் பதினெட்டாவது மைலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த எலும்பு வலி காலைத் தரையில் ஊன்றவிடவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார்கள். அணிக்கு என்னால்தான் புள்ளி குறைந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டே மயிலாப்பூருக்குப் போனேன். அவருடைய அம்மா சால்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டார். எனக்குத் தோசை வார்க்க உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"உங்களைப் பத்தி எழுதியிருந்தான். முப்பது நாளும் ஓட ஓட வேகம் ஏறிண்டே போச்சாமே? அப்படிப்பட்டவர்கிட்ட தோத்தா வருத்தமே இல்லைம்மான்னு எழுதியிருந்தான்."

இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். "இல்லம்மா. உங்க பையன்தான் என்னைவிட வேகம். இன்னைக்கு இங்க வந்திருக்க வேண்டியது அவர்தான். நான் ஓடினது முழு மைலே இல்ல."

அவர் கரண்டியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பெத்தவ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றேள்" என்றார். "உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு."

இல்லை, நிஜமாகவே என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லி, இன்னொரு தோசையை என் இலையில் போட்டார்.