ஷர்லியின் முகவரி

புருஷன் ஜஸ்டினை விட்டு வந்தபோது ஷர்லிக்கு இருந்த ஒரே தைரியம் அவள் படித்திருந்த நர்சிங். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கும், வேலை கேட்டால் கொடுப்பார்கள். அறந்தாங்கியிலிருந்து கிளம்பி கீரனூரில் ஒரு மாடி வீடு பிடித்தாள். ஒரு சாயங்காலம் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள், எதிர்ச்சாரியில் ஜஸ்டின் பைக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

அவன் கத்தவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. கூட வாழ்ந்த காலத்திலும் அவன் கை ஓங்கியதே கிடையாது. குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பான். போன் பேசினால் பக்கத்தில் வந்து நிற்பான். ட்யூட்டி முடிவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பான். போலீசில் சொன்னாள். ரோட்டில் நிற்பவனை என்னம்மா செய்வது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இலுப்பூருக்கு மாறினாள். அங்கேயும் வந்தான். வீட்டு விலாசத்தை யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நினைத்து, கடைசியில் பெற்ற தாயிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

பிறகு திருமயம் பக்கம் உண்ணாமலை ஆச்சி வீட்டில் பின்பகுதி வாடகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். ஆச்சிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் சென்னையிலிருக்கும் மகன் ராம், யாருக்கு வீடு விட்டாலும் முதலில் போனில் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தானாம். ஷர்லி, தகப்பனார் குழந்தைசாமி என்று ஆச்சி போனிடம் சொன்னாள். உள்ளேயிருக்கும் ஏஐ ஏஜென்ட் பதிவான வாடகை ஒப்பந்தங்களைத் துழாவி, நல்ல தமிழில் வாசித்தது. கீரனூரில் எந்தத் தெரு, இலுப்பூரில் எந்த வீடு, எங்கே எத்தனை மாதம் இருந்தாள், எல்லாம்.

இதை வேறு யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று ஷர்லி கேட்டாள்.

"வீட்டு புரோக்கருக எல்லார்ட்டயும் இருக்குன்னு ராம் சொன்னான்" என்றாள் ஆச்சி.

ஜஸ்டினுக்கு அறந்தாங்கியில் அதுதான் தொழில்.

ஆச்சிக்கு வேறு கவலை. "ஒரு எடத்துலயும் நெலச்சு இருக்கலையே நீ. எனக்கு ஒத்து வராதும்மா."

ஓடியதே அவள்மேல் குற்றமாகப் பதிவாகியிருந்தது.

தன் விவரத்தை எடுத்துவிடச் சொல்லி, அந்த ஏஜென்டை நடத்தும் கம்பெனிக்கு ஷர்லி எழுதினாள். பதில் உடனே வந்தது, மரியாதையாகவும் இருந்தது. எடுக்கிறோம், நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்பதை உறுதிசெய்ய இப்போது குடியிருக்கும் வீட்டின் ஒப்பந்தத்தை முதலில் பதிவேற்றுங்கள் என்று. பேச ஒரு மனுசன் வேண்டும் என்று கேட்டாள். அதே பதில் வேறு வார்த்தைகளில் வந்தது.

கீரனூரில் கூட வேலை பார்த்த அன்புமொழிதான் ஒரு வழி சொன்னாள். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு கிளினிக்கில் வேலை இருந்தது. பக்கத்திலேயே ஒரு வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எழுதி, சாவியை ஷர்லியிடம் கொடுத்தாள். ஜஸ்டின் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஷர்லி என்று ஒருத்தி இல்லவே இல்லை. கேஸ் இணைப்பு கேட்டால் ஒப்பந்தம் கேட்டார்கள். தபால் வந்தால் அன்புமொழி பெயருக்கு வந்தது. வீட்டுக்காரி சந்தனமேரி வாசலில் நின்று "அன்பு" என்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறாள் என்று இவள் சும்மா இருந்துவிடுவாள். பகலிலும் ஜன்னலைத் திறக்காமல், கடல்காற்று இருந்தும் புழுங்கிக்கொண்டே கிடந்தாள்.

தை மாதம் அன்புமொழிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதே ஏஜென்டில் தேடிப் பார்த்துவிட்டு, கீரனூரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஜெகதாப்பட்டினத்தில் எதற்கு வீடு என்று கேட்டார்களாம். அன்புமொழி ஷர்லியைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சு அதோடு நின்றுபோயிற்று. அதையும் அவளாகச் சொல்லவில்லை, கிளினிக்குக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி வாய்வழியாகத்தான் தெரிந்தது.

அன்றைக்கே ஷர்லி சந்தனமேரியிடம் போய் தன் பெயரைச் சொன்னாள். மற்றதையும் சொன்னாள். சந்தனமேரி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒம்பேர்ல எழுதுனா அவன் வந்துருவானே?"

"வருவான்க்கா. இனிமே நான் எங்கிட்டும் போறதா இல்ல."

புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே பைக் வந்து ஐஸ் பிளாண்ட் ஓரமாக நின்றது. சந்தனமேரி எதிரே போய் என்னவோ கேட்டாள், அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். இப்போதும் வருகிறான். சில நாள் வருவதில்லை, அன்றைக்கும் அவள் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறாள். கேஸ் இணைப்பு வந்துவிட்டது. ட்யூட்டிக்குப் போகும்போது அவன் பைக்கைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. போகிறாள்.