போனை ஊதிய சித்தப்பா

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நீட்டிய போனை உங்கள் சித்தப்பா தலைகீழாகத் திருப்பி, சார்ஜர் செருகும் ஓட்டையில் வாய் வைத்து மூன்று தரம் ஊதினான். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை கண்ணுகளா, தெரியாமல் சிரித்தீர்கள். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில், சிங்காநல்லூர் லைன் வீட்டில் எங்களிடம் ஒரு டிவி கேம் இருந்தது. அதில் மஞ்சள் கேசட் ஒன்று, குத்துச்சண்டை ஆட்டம். படம் வராவிட்டால் கேசட்டின் அடியில் ஊதிச் செருகுவோம். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் பயிற்சி வரும். மூட்டையைக் குத்தக் குத்த பலம், வேகம், மூச்சு என்று மூன்று பச்சைக் கோடுகள் நீளும். பயிற்சியை விட்டால் குட்டையாகும். எவ்வளவு அடி வாங்கினாலும் அந்தப் பொம்மை அடுத்த சண்டைக்குப் புதிதாய் எழுந்து வரும்.

என் தம்பி, உங்கள் சித்தப்பா, நிஜமாகவே குத்துச்சண்டை பழகினான். மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி உண்டு. அப்பாவின் மில் மூடிக் கிடந்த காலம். நான் லேத் பட்டறையில் இருந்தேன். வீட்டின் நம்பிக்கையெல்லாம் அவன்தான். அடுப்படிச் சுவரில் அதே மூன்று கோடுகளைப் பச்சைச் சாக்கட்டியால் வரைந்தேன். மைதானம் போய் வந்தால் ஒரு விரற்கடை நீட்டுவேன், போகாவிட்டால் துடைப்பேன்.

"ஏனுங்ணா, என்ற கோட்ட அழிச்சுப்போட்டீங்களா? காய்ச்சலுக்குமா லீவு இல்ல?"

"உன்ற காய்ச்சல் கோட்டுக்குத் தெரியுமாடா கண்ணு?"

"உங்க பொம்மைக்கு மூக்கு வலிக்காதுங்ணா. எனக்கு வலிக்குதுங்க" என்று சிரிப்பான்.

மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், பயிற்சியில் நெற்றிப்பொட்டில் பலமான குத்து விழுந்தது. மறுநாள் காலை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தல கிர்ருங்குதுங்ணா. இன்னைக்கு ஒரு நாள் உட்டுரலாங்களா?"

நான் சுவரைக் காட்டினேன். "ஒரே வாரந்தான் கண்ணு. இப்ப எறங்குனா மறுக்கா ஏத்த முடியாது. மாஸ்டர்கிட்ட தலவலின்னு சொல்லிப்போடாத."

"செரிங்ணா" என்று ஷூ கயிற்றைக் கட்டினான். இரண்டு தரம் முடிச்சு தவறியது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அன்றைக்கு விழுந்தது சின்ன அடிதானாம். விழுந்தவன் எழவில்லை. மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். ஆபரேஷனில் உயிர் மிஞ்சியது. வலது கையும் பேச்சும் முழுதாகத் திரும்பவே இல்லை. சுவரில் மூன்று கோடும் கடைசி நாளின் நீளத்தில் அப்படியே நின்றன.

உங்கள் போன் ஆட்டத்தில் பயிற்சிக்குப் பக்கத்திலேயே களைப்புக்கும் ஒரு சிவப்புக் கோடு வைத்திருக்கிறார்கள். அது நிறைந்தால், ஓய்வு கொடு என்கிறது. பயிற்சிப் பொத்தான் அமுங்குவதில்லை. இதை அன்றைக்கே வைத்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது. கேசட்டைக் குறை சொல்லி என்ன? சிவப்புக் கோடு என் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லியதே, ஒரு நாள் விடுங்கள் என்று.

நீங்கள் சிரித்து ஓய்ந்தபின் அவன் என் பக்கம் திரும்பிக் குழறினான். "அண்ணா... இன்னைக்கு... போகோணுங்களா?"

தினமும் கேட்பதுதான்.

"வேண்டாம் கண்ணு. இன்னைக்கு லீவு" என்றேன். தினமும் சொல்வதுதான்.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, இடது கையால் போனைத் திருப்பி, மறுபடியும் ஊதினான்.