திசை: இலங்கை

வெள்ளைத் துணியில் பொதிந்து சட்டைப் பையில் வைத்திருக்கும் குச்சியை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, வாய்க்குள் "அய்யா உண்டு" என்று ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் அதை லாப்டாப்பில் செருகுகிறார் சுயம்புராஜ். தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் திருமண் பொட்டலம் என்று நினைத்துக்கொள்வார்கள். கிட்டே போனால்தான் தெரியும், அது பென் டிரைவ் மாதிரி ஒரு சாமான் என்று. அதன் வால் பக்கத்தில் ஆன்டெனா வயரை மாட்ட ஒரு திருகு. ஆகாயத்தில் வருகிற புதுவகை டிவியைப் பிடிக்கும் டியூனர் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். சுயம்புராஜுக்கு அது குச்சி. அவர் மனைவி பிந்துவுக்கு அது அவருடைய கைக்குழந்தை.

"தின்னாலும் பையில, கெடந்து ஒறங்கினாலும் பையில. ஒரு தொட்டிலும் கெட்டிப் போடுங்க. நான் தாராட்டு பாடுதேன்" என்பார் பிந்து. அவர் பிறந்த ஊர் குழித்துறை. கோபத்தில் சொன்னாலும் பாட்டு மாதிரியேதான் கேட்கும்.

சுயம்புராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. கொட்டாரம் கடைத்தெருவில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அகலத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் "சொகமா இருக்கியளா?" என்று கேட்கும்போது அவர் கண் ஆளின் மேல் இருக்காது, கூரையின் மேல் இருக்கும். ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போன இடத்திலும் மொட்டைமாடியைப் பார்த்து, "இந்த டிஷ்ஷ எவன் வச்சான்? கொக்கு கழுத்தத் திருப்பின மாதிரி வச்சிருக்கான்" என்று சொல்லி, பிந்துவிடம் இடுப்பில் கிள்ளு வாங்கியவர்.

திசைகளின் பெயர்கள் அவருக்கு வேறு. முன்பெல்லாம் இந்தப் பக்கத்து வீடுகளில் ஆன்டெனாவைத் திருவனந்தபுரத்தைப் பார்த்து வைத்தால் மலையாளப் படம் வரும், இலங்கையைப் பார்த்து வைத்தால் கடல் தாண்டி வரும் படம் கிடைக்கும். அப்படித் திருப்பித் திருப்பியே தொழில் படித்த கை அது. கிழக்கு மேற்கு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிப்பார். திருவந்திரம் பக்கம், இலங்கைப் பக்கம் என்றால் உடனே கை நீளும். வெளியூர்க்காரர் ஒருவர் கடையில் வந்து பாங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "இலங்கைப் பக்கமா நாலு கட தள்ளி" என்று சொல்லி அனுப்பினார். அந்த மனுஷர் நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி நின்று இவரை ஒரு பார்வை பார்த்தார்.

இந்தக் குச்சி அவர் கைக்கு வந்தது இந்த ஆனி மாதத்தில்தான். கேபிள் வேண்டாம், டிஷ் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், கோபுரத்தில் இருந்து நேரே போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் டிவி வரும் என்று ஒரு கம்பெனி சோதனை நடத்துகிறது. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கோபுரத்தில் சாமான்களைக் கட்டிவிட்டு, அங்கிருந்து கொட்டாரம் பக்கமாக உள்ள இருபத்து நான்கு ஊர்களில் படம் வருகிறதா என்று பார்க்க ஆள் தேடியபோது, ஏணியும் மூங்கில் கம்பும் சொந்தமாக வைத்திருக்கிற சுயம்புராஜ் அகப்பட்டார். ஒவ்வொரு ஊரிலும் ஆன்டெனாவைத் தூக்கிப் பிடித்து, குச்சியைச் செருகி, திரையில் பச்சை விழுகிறதா என்று பார்த்து, ஒரு தாளில் நிரப்பித் தரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

குச்சி அரைமணி நேரத்தில் தோசைக்கல் மாதிரி சூடாகிவிடும். அதனால் அடியில் ஈரத்துணி மடித்து வைப்பார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் பச்சை போய்ச் சிவப்பு வரும் என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஊருக்குள் நுழைந்ததும், "அம்மா, ஒரு பத்து நிமிசம் தொவையல அம்மியில வச்சு அரைங்க" என்று கேட்பார். மாட்டேன் என்று சொன்னவர்கள் இல்லை. என்ன சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

டீக்கடைக்காரர் பகவதியப்பனிடம் புது டிவியின் குணத்தை அவர் விளக்கியதைக் கேட்க வேண்டும். "பழைய டிவி சீக்காளி மாதிரியாக்கும். இழுத்துக்கிட்டு, புள்ளி புள்ளியா, மழ பெய்ஞ்சாலும் மொகம் யாருக்குன்னு தெரியும். இது அப்பிடி இல்ல வேய். இருந்தா முழுசா இருக்கும். போனா பொசுக்குன்னு போயிரும். நடுவுல ஒண்ணும் கெடையாது."

"அப்பம் உமக்க மாமனாரு போன மாதிரி" என்றார் பகவதியப்பன், சாயாவை ஆற்றிக்கொண்டே.

இருபத்து மூன்று ஊர்கள் சிரமம் இல்லாமல் முடிந்தன. இருபத்து நான்காவது கல்லடிவிளை. மலையடிவாரத்தில் நாற்பது வீடுகள். கோபுரத்துக்கும் ஊருக்கும் நடுவில் மலை, கதவு அடைத்த மாதிரி நிற்கிறது. போன் சிக்னல்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் வரும். அங்கன்வாடி டீச்சர் சபிதா, பிள்ளைகளின் வருகைக் கணக்கை அனுப்ப தினமும் அந்தத் தொட்டிக்கு நடக்கிறவர். பச்சை விழுகிற ஊர்களில் உள்ள அங்கன்வாடிகளுக்கு ஒரு திரையும் ஒரு குச்சியும் கம்பெனி தரும் என்று அவர் காதிலும் விழுந்திருந்தது.

"வருமா அண்ணாச்சி? பிள்ளையளுக்கு ஒரு படம் காட்டணும்னா நான் வீட்ல இருந்து போன்ல ஏத்திக்கிட்டு வாறேன். பதினோரு பிள்ளையளும் ஒரே போனுக்கு மண்டைய முட்டுதுவ."

"வரும் டீச்சர்" என்று சொல்லிவிட்டார் சுயம்புராஜ். சொன்ன பிறகுதான் மலையைப் பார்த்தார்.

கோபுரத்தைப் பார்த்து வைத்தார், சிவப்பு. கம்பை உயர்த்தினார், சிவப்பு. வேப்பமரத்தில் ஏறினார், சிவப்பும் முட்டியில் சிராய்ப்பும். உச்சி நேரம் ஆனது. சரி, அய்யாவிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று அய்யாவைக் கும்பிடும் இடமான அந்த ஊர் நிழல்தாங்கலுக்குப் போனார். சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி உள்ளே நின்றார். அங்கே விக்கிரகம் கிடையாது, கண்ணாடிதான். கும்பிட்டு நிமிர்ந்தவர், கண்ணாடியில் தன் தோளுக்கு மேலே, வாசலுக்கு வெளியே நின்ற தென்னையைக் கண்டார். முதுகுக்குப் பின்னால் நிற்கிற மரம் முகத்துக்கு முன்னால் தெரிகிறது. அடுத்த நிமிஷம் சட்டை போடவும் மறந்து வெளியே ஓடி வந்தார். ஊருக்குக் கடல் பக்கமாக ஒரு சின்னக் குன்று உண்டு. அதில் கல் உடைத்த இடம் செங்குத்தாக, வழவழப்பாக, சுவர் மாதிரி நிற்கும். கோபுரத்துக்கு முதுகைக் காட்டி ஆன்டெனாவை அந்தப் பாறையின் பக்கம் திருப்பினார். பச்சை விழுந்தது.

தாளில் ஊர் பெயர் எழுதினார். பச்சை என்று எழுதினார். திசை என்ற இடத்தில், கட்டம் சின்னதாக இருந்ததால் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: இலங்கை.

மூன்றாம் நாள் கம்பெனி இன்ஜினியர் டைட்டஸிடம் இருந்து போன். கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்காது, மரியாதை தெரிந்தவர்.

"அண்ணா, கல்லடிவிளைய லிஸ்ட்ல இருந்து வெட்டியாச்சு."

"ஏன் சாரே? பச்ச விழுந்துச்சே!"

"விழுந்தது இலங்கைக்க சிக்னல்னு நீங்களே எழுதியிருக்கியளே. நம்ம சிக்னல் கிட்டல்ல, வெளிநாட்டு சிக்னல் கேறுதுன்னு ஆபீஸ்ல ஒரே பெகளம். நேத்து முழுக்க அதுக்குத்தான் மீட்டிங்."

சுயம்புராஜ் தலையில் கை வைத்தார். "அட என் அய்யாவே! இலங்கைக்க சிக்னல் இல்ல சாரே, இலங்கைப் பக்கம் திருப்பி வச்சேன்னு எழுதினேன். மத்த ஊருக்கெல்லாம் திருவந்திரம்னு எழுதினேனே, அப்பம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே?"

"ஆபீஸ் திருவனந்தபுரத்துல அண்ணா. அங்க இருந்து வருதுன்னு நெனச்சிருப்பாவ."

சிரிப்பு வந்தாலும் சிரிக்கிற நேரம் இல்லை. பட்டியல் மறுநாள் நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போகிறது. அதற்கு முன்னால் டைட்டஸ் நேரில் பார்த்து, பத்து நிமிஷம் அறாமல் பச்சை நின்றால்தான் ஊர் பெயர் திரும்பவும் ஏறும். அன்று ராத்திரி சுயம்புராஜ் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "டீச்சருக்கிட்ட வரும்னு சொல்லிட்டனே பிள்ளே" என்றார். கைக்குழந்தை என்று கேலி பேசுகிற பிந்து, குச்சி பொதிகிற துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்.

மறுநாள் இரண்டரை மணிக்கு டைட்டஸ் பைக்கில் வந்து இறங்கினார். அங்கன்வாடி முற்றத்தில் கம்பு, சன்னல் வழியாக வயர், உள்ளே பெஞ்சின் மேல் லாப்டாப். பிள்ளைகள் பதினோரு பேரும் வாயைக் கையால் பொத்தி உட்கார்ந்திருந்தார்கள். சபிதா சொல்லி வைத்திருந்தார்.

"அண்ணா, டவர் அங்கோட்டு நிக்கி. நீங்க முதுகக் காட்டிக்கிட்டு நிக்கியளே?"

"எங்க தாங்கல்ல கண்ணாடி உண்டும் சாரே. பின்னால நிக்கது யாருன்னு முன்னால பாத்தே சொல்லிரலாம். இந்தப் பாறையும் அப்பிடித்தான். டவர்காரன் மலைக்கு மேலகூடி எறியுதான், பாறை வாங்கி நமக்குத் தருது."

டைட்டஸ் பாறையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "ரிஃப்ளெக்‌ஷன்" என்றார்.

"பேரு என்னவும் ஆவட்டும். பச்சைய பாருங்க."

பச்சை விழுந்தது. சோதனைச் சானலில் அன்று ஒரு யானையை ஆற்றில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் கை வாயை விட்டுத் தானாக இறங்கியது. மூன்று நிமிஷம் சரியாகப் போனது. அப்புறம் காற்று வந்தது. ஆனிக் காற்று சொல்லிக்கொண்டு வருமா? கம்பு ஆடியது, படம் சில்லுச் சில்லாக உடைந்து நின்றது.

"ஐயோ, ஆனைய அரிஞ்சு போட்டாச்சே!" என்று கத்தினார் சபிதா. ஒரு பிள்ளை அழவே தொடங்கிவிட்டது.

கம்பை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார் சுயம்புராஜ். மரமும் சேர்ந்து ஆடியது. இந்தத் தடவை ஐந்தாவது நிமிஷம் போனது. டைட்டஸ் மணி பார்த்தார். மூன்று இருபது.

"அண்ணா, இன்னொரு தடவதான் பாக்க முடியும். தொட்டிக்குப் போயி அனுப்பவும் வேணுமே."

சுயம்புராஜ் கயிற்றை அவிழ்த்து எறிந்தார். செருப்பைக் கழற்றி, காலை மண்ணில் ஊன்றி, கம்பை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். "முதல்ல இருந்து கணக்கு வையுங்க சாரே. நான் இனி ஆட மாட்டேன்."

காற்று வேட்டியைத் தூக்கியது. விட்டுவிட்டார். மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதையும் விட்டுவிட்டார். சிராய்த்த முட்டி வலிக்கத் தொடங்கியது. காலை மாற்றினால் கம்பு ஆடும் என்று அப்படியே நின்றார். உள்ளே இருந்து சபிதா சத்தமாக எண்ணினார். "ஆறு ஆச்சு அண்ணாச்சி... ஏழு... எட்டு..." ஒன்பதாவது நிமிஷத்தில் எண்ணுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"பத்து!" என்றார் டைட்டஸ்.

போனில் திசைகாட்டியைப் பார்த்து நூற்று இருபத்தெட்டு டிகிரி என்று தாளில் அவரே எழுதினார். போட்டோ எடுத்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஓடினார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"பேரு கேறியாச்சு அண்ணா! கல்லடிவிளை, இருபத்து நாலாம் நம்பர். மதி, போதும், இனி கம்ப விடுங்க. கை செத்துப் போயிருக்கும்."

சுயம்புராஜ் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் இப்போது பெஞ்சை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். யானைக்கு ஒரு பக்கம் தேய்த்து முடிந்திருந்தது. பாகன் தட்டிக்கொடுக்க, அது தண்ணீரில் மெதுவாக மறுபக்கம் புரண்டுகொண்டிருந்தது.

"செத்த நேரம் நில்லுங்க சாரே" என்றார். ஈ உட்கார்ந்த மூக்கைக் கம்பிலேயே உரசித் தேய்த்துக்கொண்டு, பாரத்தை நல்ல முட்டிக்கு மாற்றி, கம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.