வாடகை பேசப் போகிற சட்டை

நேற்று பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. மனைவிக்குத் தன் கல்யாணப் புடவை ஞாபகம் வந்ததாம். எனக்கு வந்தது ஒரு கிழிந்த சட்டை. நம்ம புத்தி அப்படி.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் சபாபதி முதலாளியிடம் நான் குமாஸ்தா. தேரடித் தெருவில் அவருக்கு வரிசையாகக் கடைகள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வாடகையை ஏற்றிப் பேசக் கிளம்புவார். அதற்கென்றே ஒரு சட்டை உண்டு. தோளில் ஒரு கிழிசல், முதுகில் ஒரு கிழிசல். பூச்சி மேற்கொண்டு அரித்துவிடக் கூடாதே என்று பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்.

"கிழிசல் ஜாஸ்தியானா பிச்சக்காரன்னு நெனச்சுடுவான்யா. அளவா இருக்கணும்" என்பார்.

கடைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அன்றைக்குப் பார்த்து நல்ல சரக்கையெல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஏழ்மையில் போட்டி நடக்கும். நடுவில் சலவைச் சட்டை போட்ட ஒரே பணக்காரன் நான்தான்.

அந்த வருஷம் காபி கிளப் துரைசாமி அண்ணன் மட்டும் நடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புது ஓட்டல்கள் வந்து அவர் வியாபாரம் நிஜமாகவே படுத்துவிட்டது.

"இன்னும் ஏத்துனா கடைய மூடிட்டு கீழ்பென்னாத்தூர் போய் தம்பியோட கடலக்கொல்லையில மல்லாட்ட புடுங்க வேண்டியதுதாங்க" என்று முந்தின நாள் என்னிடம் கண் கலங்கினார். எனக்கும் பாவமாக இருந்தது. முதலாளியிடம் எடுத்துச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மறுநாள் முதலாளியும் நானும் காபி கிளப்பில் நுழைந்தால், உட்கார இடமில்லை! பழைய வாடிக்கைக்காரர்கள், ஜட்காக்காரர்கள், பூக்காரம்மாக்கள் எல்லோரும் அண்ணனுக்காகப் பரிந்து பேச வந்துவிட்டார்கள். சும்மா உட்காருவானேன் என்று ஆளுக்கொரு காபி வேறு.

"என்ன துரைசாமி, யாவாரமே இல்லன்னாங்க?"

"ஐயோ, அதச் சொல்லத்தாங்க இவங்கல்லாம் வந்துருக்காங்க!"

வாய் நிறைய வடையோடு ஒரு ஜட்காக்காரர் எழுந்தார். "சாமி சத்தியமா, இந்தக் கடைக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்லீங்க."

முதலாளி சிரித்த சிரிப்பில் சட்டை முதுகோடு கிழிந்தது. கூட்டத்தில் இருந்த பக்கத்துக் கடை டெய்லர் பதறிப்போனார். "கழட்டுங்க முதலாளி" என்று வாங்கிக்கொண்டு ஓடினார். முதலாளி வெற்றுடம்போடு போண்டா சாப்பிட்டு முடிப்பதற்குள், ஒரு கிழிசல் விடாமல் தைத்து, இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினார்.

அதை மாட்டிக்கொண்டதும் முதலாளி புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

"இத்தப் போட்டுக்குனு எவன்கிட்டய்யா வாடக ஏத்திக் கேக்கறது?"

பிறகு துரைசாமி அண்ணன் தோளில் கை வைத்தார். "பழைய வாடகையே குடு. நெசமாவே கஷ்டம்னாதான்யா இத்தினி பேரு வருவான்."

மற்ற கடைகளுக்கும் அந்த வருஷம் போகவில்லை.

அந்த வரிசையை இடித்து லாட்ஜ் கட்டிப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் தெரு முனை டீக்கடையை மூடிவிட்டார்கள். வாடகை கட்டுப்படியாகவில்லையாம். தினமும் அங்கேதான் எனக்கு டீ. கடைக்காரர் எந்த ஊர், பேர் என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.