வெற்று நாடாவில் பத்தாவது பாட்டு

காலை பதினொன்று பத்து. முதலில் என் கண்ணில் பட்டது காதர் பாயின் ஆள்காட்டி விரல். கேசட்டில் பாட்டு முடிந்து வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விரல் மட்டும் மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். யாங்கோனில் ஒரு பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம் செய்தி திருத்தியவன். யார் சொன்னது, யார் பார்த்தது, மணி என்ன என்று கேட்டே பழகியவன். அதே கேள்விகளை இதற்கும் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

காதர் பாய் இங்கே யாங்கோனின் க்யிம்யிண்டைங் சந்தையில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். முப்பது வருடத்துக்கு முன்பு காப்பி தச்சின் பாடிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு மெட்டை எடுத்து, அதற்குப் பர்மிய வார்த்தை போட்டுப் பாடுவதற்கு இங்கே அதுதான் பெயர். மெட்டு யாருடையது என்று உறையில் போடும் வழக்கம் கிடையாது. மற்றவர்கள் புகழ்பெற்ற குழுக்களின் பாட்டுகளை எடுத்தார்கள். காதர் பாய்க்கு அந்த அளவுக்குக் கேசட் வாங்க வசதியில்லை. படகுத்துறையில் ஒரு கப்பல்காரன் விட்டுப்போன ஒரே ஒரு கேசட்டிலிருந்துதான் அவர் எடுத்தார். குழுவின் பெயர் வெட் அல்மனாக்.

நான் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தின் ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்த நான்கு பேர். பாடியவர் எட்வின், ஆர்கன் வாசித்தவர் ரூத். கனவில் கேட்பதுபோலக் கிடார், பின்னோக்கி ஓடும் நாடா ஒலிகள், நடுவே குழந்தைப் பாட்டு மாதிரி எளிய மெட்டுகள். மூன்று தொகுப்புகள் வந்தன. மூன்றுக்கும் வந்த சில விமர்சனங்களில், நம்பிக்கை அளிக்கிறார்கள் என்ற அதே வாக்கியம் இருந்தது. நான்காவது வரவில்லை. வெளியிட்ட கம்பெனி மூடிவிட்டது. எட்வின் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி, நான்கு வருடத்துக்கு முன்பு இறந்துபோனார். ரூத் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார்.

காதர் பாய் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், அவர் தொண்டையில் இருந்த கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள்.

"பத்து மெட்டு எடுத்திருக்கேன் தம்பி, ஒருத்தர்கிட்டயும் கேக்கலை. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டு ஹலால் வாங்கிடணும். வாய் இருக்குறப்பவே கேட்டுடணும்."

அவர் மனைவி டோ மியா லப்பேயே தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தார். "கல்யாணத்துக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? அதுக்கு முதல்ல ஹலால் வாங்கச் சொல்லுங்க."

"வியாழக்கிழமைக்கு அப்புறம் கேக்குறேன். அப்ப நீ என்ன திட்டினாலும் எதுத்துப் பேசமாட்டேன்."

டோ மியா உள்ளே போய்விட்டார். வெகுநேரம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

மன்னிப்புக் கேட்பதற்கு முன் எந்தெந்தப் பாட்டு என்று பட்டியல் எடுக்க வேண்டும். அதனால் கப்பல்காரனின் கேசட்டை என் கணினியில் ஏற்றியபடியே ஓடவிட்டேன். ஒன்பது பாட்டு. பிறகு இரைச்சல். அப்போதுதான் அந்த விரலைப் பார்த்தேன்.

"ஒன்பதுதானே பாய் இருக்கு?"

"பத்தாவது இப்ப ஓடுதே." அவர் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் விரல் நின்றது. "முடிஞ்சுது" என்றார். பழக்கதோஷத்தில் அந்த இடத்தையும் குறித்துக்கொண்டேன். மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி.

பிறகு காதர் பாய் பாடி வெளியிட்ட கேசட்டைப் போட்டேன். பத்தாவது பாட்டு இருந்தது. படகு அக்கரைக்குப் போய்விட்டது, க்யிம்யிண்டைங் விளக்கு இன்னும் அணையவில்லை என்று இரண்டு வரி திரும்பத் திரும்ப வரும். நல்ல மெட்டு, உண்மையாகவே நல்ல மெட்டு. நீளம் மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி.

"இது உங்க மெட்டு பாய். நீங்களே போட்டது. சந்தோஷமா வச்சுக்கங்க."

அவர் முகம் சுருங்கியது. "ஊரே என்னைக் காப்பி காதர்னு கூப்பிடுது. எனக்கு மெட்டுப் போட வந்தா அடுத்தவன் வீட்டுக்கு ஏன் போறேன்? இதுவும் அவங்களோடதுதான். பத்துன்னே எழுதுங்க."

பத்து என்றே எழுதினேன். அவர் குரலிலேயே மன்னிப்பைப் பதிவு செய்து, அதற்கு ஆங்கிலமும் எழுதி, இரண்டு கேசட்டின் பாட்டுகளோடு ரூத்துக்கு அனுப்பினேன். புதன்கிழமை மதியம் பதில் வந்தது. தங்களை ஒருவர் காப்பியடிக்கும் அளவுக்கு நேசித்தார் என்பதே தனக்குப் போதும், ஒன்பதையும் மனதார மன்னித்தேன் என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். காதர் பாய் கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

கடிதத்தில் இன்னொரு பத்தி இருந்தது. அதை அன்று நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. பத்தாவதை மன்னிக்கத் தனக்கு உரிமையில்லை, அது அவர்கள் பாட்டே இல்லை என்று ரூத் எழுதியிருந்தார். ஆனால் அந்த மெட்டை ஒருமுறை கேட்டிருக்கிறாராம். சாகக் கிடந்த எட்வின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைப் பாடியபோது போனில் பிடித்து வைத்திருந்தார். வார்த்தைகள் புரியவில்லை, மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தாராம். அந்தப் பதிவையும் கூடவே அனுப்பியிருந்தார். இங்கே இணையம் இருக்கும் லட்சணத்தில், அது என் போனில் வந்து இறங்குவதற்குள் அறுவை முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது.

அதைத் தனியாகக் கேட்டேன். மூச்சிரைக்கும் வெள்ளைக்காரக் குரல். மெட்டு அதேதான். வார்த்தைகள் பர்மிய மொழி. எட்வினுக்கு ஆங்கிலம் தவிர வேறொன்றும் தெரியாது என்கிறார் ரூத்.

காதர் பாயின் கேசட் மொத்தம் ஐம்பது பிரதி வந்தது. அதில் ஒன்று எப்படியோ கடல் தாண்டி எட்வின் கைக்குப் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு திருத்துநருக்கு அது போதுமான விளக்கம். ஒன்று மட்டும் இடித்தது. எட்வின் வரிகளை மாற்றிப் பாடியிருந்தார். விளக்கு முதலில், படகு பிறகு.

வார்டில் காதர் பாய் கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டோ மியா இருந்தார். போனைக் காதர் பாயின் காதருகே வைத்தேன். விரல் போர்வையில் தாளம் போட்டது. முடிந்ததும் நோட்டை எடுத்து எழுதினார்.

"ஸ்டுடியோவுல மொதல் தடவை நான் இப்படித்தான் மாத்திப் பாடிட்டேன். தப்புன்னு சொல்லி மறுபடி பாட வச்சாங்க."

அந்த முதல் பதிவு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஸ்டுடியோவில் நாடா ஒன்றுதான் இருந்தது என்று எழுதினார். முதலாவதை அழித்து, அதன் மேலேயே இரண்டாவதைப் பதிந்திருக்கிறார்கள்.