ஏழு வீட்டுக்கும் ஒரு கையெழுத்து

ஏழாம் வகுப்பில் எங்கள் ஆங்கில ஆசிரியை, செய்த தவற்றை ஒப்புக்கொள்வதற்கு ஆங்கிலேயர் பேச்சில் வழங்கும் மூன்று தொடர்களைக் கற்பித்தார்: ஓன் அப், ஃபெஸ் அப், கம் கிளீன். மூன்றையும் மனனம் செய்துவிட்டேன். சொல்லிப் பார்ப்பதற்குத் தவறு ஒன்றுதான் அகப்படவில்லை.

அது தீபாவளிக்கு முந்திய சீசன். பட்டாசுத் தொழிற்சாலையில் பகலெல்லாம் வேலைசெய்த அம்மா, வீட்டுக்கு வந்தும் சரவெடி பின்னினாள். மருந்தடைத்த வெடிகளை வீட்டில் வைத்துப் பின்னுவது சட்டப்படி குற்றம். ஆயினும் ஆர்டர் நெருக்கும்போது போர்மேனே மூட்டைகளைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அதிகாரிகள் வந்து, வெடி இருக்கிறதா என்று வீடுவீடாகக் கேட்டனர். இல்லை என்பதே மற்ற எல்லா வாசல்களிலும் விடை. எங்கள் வாசலில் நான் நின்றேன். "ஐ ஓன் அப், சார்" என்று திருத்தமாகச் சொல்லி, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்த மூட்டையையும் காட்டினேன். அதிகாரி என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

அரைமணி நேரத்தில் போர்மேன் ஒரு தாளோடு வந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாததால் நானே உரக்க வாசித்தேன். கம்பெனிக்குத் தெரியாமல் வெடிகளை அவளே எடுத்துவந்ததாக அதில் எழுதியிருந்தது.

"இவருதானம்மா கொண்டாந்து போட்டாரு" என்றேன்.

"நீ பேசுனது போதும் தாயி" என்றாள் அம்மா.

"அக்கா, நீங்க ஒருத்தரு ஒத்துக்கிட்டீகன்னா மத்த ஆறு வீட்டுக்கும் சோதனைக்குப் போகமாட்டாக" என்றார் போர்மேன்.

"கம்பெனிக்கும் போகமாட்டாக. அதையுஞ் சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் பேனாவைத் திறந்து நீட்டினார். பெயரெழுத மட்டும் கற்றிருந்த அம்மா எழுத்தெழுத்தாக எழுதி முடித்தாள். அன்றே வேலை போயிற்று. அதன்பின் மூன்றாண்டுகள் கோர்ட்டு வாய்தாவுக்கு அலைந்தாள். அன்று என்னை அவள் திட்டவில்லை. அதற்கும் தெம்பில்லாதவளாய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள். அத்தனை களைத்த முகத்தை அதற்குமுன் நான் கவனித்ததில்லை. அன்றும் கவனித்தேன் என்று சொல்வதற்கில்லை.

மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயினர். ஆறு வீட்டுக் குழம்பு. விசேஷம் எதுவுமில்லாத நாளில் இத்தனை எதற்கு என்று கேட்டேன். அம்மா சோற்றைப் பிசைந்து என் தட்டில் வைத்தாள். நான் உண்மை பேசியதற்காகத்தான் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டு, ஆறையும் ருசி பார்த்தேன்.