லைப்ரரியைக் காணோம்

அலுவலகத்தில் அவளுக்கு வெர்ஷன் அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். யாருடைய கம்ப்யூட்டரிலாவது சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வரிசைகட்டி ஓடினால், அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்று, அறையின் அந்தக் கோடியைப் பார்த்து, "அக்கா, ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்பார். அந்த ஒரு நிமிஷம் சாப்பாட்டு நேரத்தை விழுங்கிவிடும் என்பது கூப்பிட்டவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இந்த வேலையை அவள் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை. மகள் பிறந்த பிறகு நீண்ட விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அவளுடைய பழைய குழுவே கலைந்து போயிருந்தது. புது மேலாளர் அவளை என்ன செய்வதென்று தெரியாமல், "இந்தப் பழைய புராஜெக்ட் யாருக்கும் ஓட மாட்டேங்குது. சும்மா பாருங்க" என்று ஒன்றைத் தலையில் கட்டினார். சும்மா பார்க்க உட்கார்ந்தவள் அதிலேயே ஊறிப்போனாள். ஒரு சாப்ட்வேர் தன் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. யார் யாரோ எழுதி வைத்த சின்னச் சின்ன நிரல் தொகுப்புகளைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. அவற்றைத்தான் லைப்ரரி என்பார்கள். அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி துணை. ஒன்றுக்குப் பழைய வெர்ஷன், அதாவது பழைய பதிப்புதான் ஆகும், பக்கத்தில் இருப்பதற்குப் புதுசுதான் ஆகும். இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் சண்டை. எது எதோடு ஒத்துப்போகும் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டிப் பார்த்து, அந்தப் புராஜெக்டை அவள் நடக்க வைத்தாள். மேலாளர் வாயைப் பிளந்தார். அடுத்த நாளே இன்னும் இரண்டைக் கொண்டு வந்தார்.

வீட்டில் கணவர் முன்னறையில் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகு, பிளாஸ்டர், அரம் என்று காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்பார். உள்ளறையில் அவள் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வாள். இரண்டு அறைக்கும் நடுவில் போகிறதும் வருகிறதுமாக இருப்பவர் மாமியார். காது ரொம்பக் கூர்மை. மருமகள் போனில் பேசுவது எல்லாம் அவர் காதில் விழும்.

"லைப்ரரி காணோம்னு சொல்லுதா? எந்த லைப்ரரின்னு கடைசி வரியைப் படிங்க."

"அது பழசு. அதை வெச்சுக்கிட்டு இதைக் கேட்டா எப்படிக் கிடைக்கும்?"

இப்படியே வருஷக்கணக்கில் கேட்டதில் மாமியாருக்கு ஒரு முடிவு தெளிவாகிவிட்டது. மருமகள் ஏதோ பெரிய கம்பெனியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பொறுப்பு போதாது. ஒருநாள் மனம் பொறுக்காமல் மகனிடமே கேட்டார்:

"ஏன்டா, தினம் ஒண்ணு காணாமப் போகுதே, எடுத்துட்டுப் போறவங்க யாருக்கும் திருப்பிக் கொடுக்கணும்னு தோணவே தோணாதா?"

மகன் வாயில் அரத்தூள் போகும் அளவுக்குச் சிரித்தார். ஆனால் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் அன்றைக்கு ஒரு பல்லும் முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மாமியார் காலையில் பூங்காவில் நடக்கப் போவார். அங்கே நடைத்தோழர் ஒருவர் உண்டு. பார்வையற்ற குழந்தைகளின் பள்ளியில் பிரெயில் அச்சகம் ஒன்று இருந்தது. அவர் அங்கே பிழைதிருத்துபவர். அவருக்கும் பார்வை கிடையாது. விரலால்தான் பிழை பார்ப்பார். ஒருநாள் அவர் கவலையோடு இருந்தார். அச்சகத்துக் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, புதுசு வாங்கி அதே சாப்ட்வேரைப் போட்டால், ஏதோ லைப்ரரி காணோம் என்று சொல்லி நின்றுவிடுகிறது, அடுத்த வாரம் குழந்தைகளுக்குக் கணக்குப் பரீட்சை, கேள்வித்தாள் ஒன்றுகூட அச்சாகவில்லை என்றார்.

மாமியார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லைப்ரரி காணோமா? என் மருமகளுக்கு அதுதானே வேலை! எங்க போயிருந்தாலும் தேடிக் கொடுத்துடுவா."

அன்றைக்குப் பதினோரு மணிக்கெல்லாம் மருமகள் அச்சகத்தில் இருந்தாள். சனிக்கிழமையாகப் போனதால் தப்பிக்க வழியில்லை. வாக்குக் கொடுத்தவர் என்ற முறையில் மாமியாரும் கூட வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

நீளமான அறை. சுவரோரம் தடித்த காகிதக் கட்டுகள். நடுவில் புள்ளிகளைக் குத்தும் இயந்திரம், மேலே ஒரு துணி போர்த்தி. மூலையில் புதுக் கம்ப்யூட்டர், திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"பழைய கம்ப்யூட்டர் எங்க சார்?" என்று முதலில் கேட்டாள்.

"பழைய இரும்புக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரும்மா. புதுசு வந்ததும் சந்தோஷத்துல கொடுத்துட்டோம்" என்றார் பிழைதிருத்துபவர்.

அவள் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். காணாமல் போனது ஒன்றல்ல, ஒரு கூட்டம். ஒன்றைப் போட்டால் அடுத்தது கேட்டது. கேட்டதையெல்லாம் இணையத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒன்று மட்டும் எங்கும் இல்லை. எழுத்தையும் எண்ணையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் சின்ன லைப்ரரி. "எழுதினவரே அதை அழிச்சுட்டாரே!" என்று வாய்விட்டே சொன்னாள்.

மாமியார் ஜன்னலோரத்திலிருந்து, "புத்தகத்தை அவரே கிழிச்சுப் போட்டாரா?" என்றார்.

"புத்தகம் இல்ல அத்தை. புரோகிராம். அதுக்கு லைப்ரரின்னு பேரு, அவ்வளவுதான்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நான் இத்தனை நாளா எல்லார்கிட்டயும் நீ நூலகர்னு சொல்லிட்டு இருக்கேனே!"

"எல்லார்கிட்டயும்னா?"

"பூங்காவுல நடக்கிறவங்க எல்லார்கிட்டயும்."

பிழைதிருத்துபவர் சிரிப்பை அடக்கச் சட்டைப்பையில் எதையோ தேடினார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கை நிற்கவில்லை. அதே பெயரில், யாரோ அதைப் பார்த்துத் திருப்பி எழுதிய புதுப் பதிப்பு ஒன்று கிடைத்தது. அதைப் போட்டாள். சிவப்பு எழுத்து மறைந்தது. சாப்ட்வேர் சமர்த்தாகத் திறந்தது. கேள்வித்தாளைக் கொடுத்ததும் இயந்திரம் தடதடவென்று குத்த ஆரம்பித்தது. மாமியார் கைதட்டியே விட்டார்.

பிழைதிருத்துபவர் தாளை எடுத்து மேசையில் விரித்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வரியில் ஓட்டினார். ஓட்டிய விரல் நின்றது. பின்னால் போனது. மறுபடி நின்றது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா, இது கணக்குப் பரீட்சைதானே? முதல் கேள்வியே 'அஏ'ன்னு ஆரம்பிக்குது. யாரையோ அதட்டிக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"அங்க பதினஞ்சுன்னு இருக்கணும் சார்."

"அதான் விஷயம். எங்களுக்கு எண்ணுக்குன்னு தனிப் புள்ளி கிடையாது. எழுத்தோட புள்ளிதான். இது எண்ணுன்னு முன்னால ஒரு குறி வரும். அந்தக் குறி இல்லேன்னா ஒண்ணு 'அ' ஆயிடும், அஞ்சு 'ஏ' ஆயிடும். இந்தத் தாள்ல குறியே இல்ல. குழந்தைங்க கணக்குப் போட மாட்டாங்க, கத்திப் படிப்பாங்க."

அவள் திரையைப் பார்த்தாள். எல்லாம் சரி என்று பச்சை எழுத்து. ஒரு பிழைச்செய்தி இல்லை. இத்தனை வருஷமாகச் சிவப்பு போனால் வேலை முடிந்தது என்று நாற்காலியைப் பின்னால் தள்ளியவள் அவள். எத்தனை இடத்தில் இப்படிப் பச்சையை நம்பி எழுந்து வந்தோமோ என்று நினைத்துக்கொண்டே புதுப் பதிப்பைத் திறந்து படித்தாள். புதுப் பதிப்பு எண்ணையும் எழுத்தையும் பிரிக்காமல் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. கேட்பதற்குக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஆக, அந்தப் பழையதே வேண்டும்.

புதுப் பதிப்பின் பக்கத்தில், முதலில் எழுதியவருக்கு நன்றி என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தேடினால் நீச்சல் பயிற்சி நிலையம் ஒன்றின் விளம்பரம்தான் வந்தது. படத்தில் கழுத்தில் விசிலோடு ஒருவர் நின்றார். இவராக இருக்காது என்று நினைத்துக்கொண்டே அழைத்தாள்.

"நான்தான் எழுதினேன்" என்றார் நீச்சல் பயிற்சியாளர். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் குழந்தைகள் கூச்சலும். "குறுக்கெழுத்து விளையாட்டு ஒண்ணுக்காகப் பண்ணது. அழிச்சாச்சு மேடம்."

"ஏன் சார்?"

"ஒருத்தர் நல்லா இருக்குன்னு எழுதினதில்ல. அது சரியில்ல, இது சரியில்ல, உடனே திருத்துன்னு தினமும் மிரட்டல். நான் என்ன அவங்க வீட்டு வேலையாளா? ஒருநாள் மொத்தமா துடைச்சுட்டு இங்க வந்துட்டேன். தண்ணிக்குள்ள யாரும் மெயில் அனுப்ப முடியாது பாருங்க." சொல்லிவிட்டு யாரையோ பார்த்து, "காலை நீட்டி உதை!" என்று கத்தினார்.

பிழைதிருத்துபவர் கையை நீட்டினார். "போனைக் கொடும்மா."

நல்ல வார்த்தை நாலு சொல்லி மனசைக் கரைக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ, "சார், உங்ககிட்ட ஒரு குறை சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முக்கால்னு எழுதினா உங்க புரோகிராம்ல மூணு ஒரு பக்கம், நாலு ஒரு பக்கம்னு சண்டை போட்டவங்க மாதிரி தள்ளி நிக்கும். எல்லாப் பின்னமும் அப்படித்தான். வருஷக்கணக்கா நான்தான் ஒவ்வொரு தாள்லயும் கையால அழுத்திச் சரி பண்றேன். கணக்குப் புத்தகம் வந்தாலே என் விரலு வலிக்கும்."

பயிற்சியாளர் தண்ணீரை விட்டுத் தள்ளி வந்தார் போலும், கூச்சல் குறைந்தது.

"விரலா? நீங்க எதுக்குப் பயன்படுத்துறீங்க?"

பிழைதிருத்துபவர் சொன்னார். பாடப் புத்தகம், கதைப் புத்தகம், பரீட்சைத் தாள் எல்லாம் அதன் வழியாகத்தான் பிரெயிலாகிறது என்று, விலாசம் சொல்கிற மாதிரி அலட்டாமல் சொன்னார். பயிற்சியாளர் குரல் மாறிவிட்டது.

"எனக்கு யாரும் சொல்லவே இல்லையே சார்... அந்தப் பின்னம், கோடு சாய்வா இருக்கும்போதா, நேரா இருக்கும்போதா?"

"ரெண்டுலயும்தான்."

"ரெண்டுலயுமா!" என்றவர், "இருங்க, வீட்ல என் மனைவிகிட்ட பழைய லேப்டாப் இருக்கு, அதுல ஒரு பிரதி கிடக்கலாம். வகுப்பு முடிஞ்சதும் பார்க்கிறேன்" என்றார்.

மாலை நாலு மணிவாக்கில் அந்தப் பழைய லைப்ரரி மெயிலில் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி: இது மற்ற லைப்ரரிகளின் பழைய பதிப்புகளோடு மட்டும்தான் ஓடும். அதில்தான் அடுத்த தலைவலி. குத்தும் இயந்திரத்தோடு பேசும் லைப்ரரிக்குப் புதுப் பதிப்புதான் ஆகும். அவள் கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு இரண்டையும் ஒன்றாகக் குடிவைக்கும் முயற்சியையே விட்டாள். கம்ப்யூட்டருக்குள் இரண்டு தனி இடம் ஒதுக்கினாள். ஒன்றில் பழையவை மட்டும். அது பிரெயிலாக மாற்றிக் கோப்பாக வைக்கும். மற்றதில் புதியவை, அது கோப்பை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்கும். ஒன்றின் முகத்தில் மற்றது விழிக்கவே வேண்டாம்.

இந்த முறை திரை பச்சையானபோது அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. தாளை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு அவர் விரலையே பார்த்தாள். விரல் முதல் வரியில் போனது, இரண்டாம் வரியில் போனது, கீழே ஓரிடத்தில் நின்றது.

"முக்கால் தள்ளி நிக்குது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பழைய தப்பு அப்படியே இருக்கு. சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கேம்மா!"

கேள்வித்தாள்கள் திங்கட்கிழமையே அச்சாகிவிட்டன. பின்னங்களை மட்டும் அவர் வழக்கம்போல விரல் வலிக்கத் திருத்தினார். பரீட்சையில் யாரும் கத்திப் படிக்கவில்லை.

அடுத்த மாதம் பயிற்சியாளர் நேரிலேயே அச்சகத்துக்கு வந்தார். ஈரத் தலையோடு, தோளில் பையோடு வந்தவர் பிழைதிருத்துபவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பின்னமாக அச்சடித்து, "இப்போ?", "இன்னும் கொஞ்சம்", "இப்போ?" என்று மதியம் முழுக்கப் போராடிச் சரிசெய்தார். லைப்ரரியை மறுபடி எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். அவள் அச்சகத்துக்கு வேண்டிய எல்லா லைப்ரரிகளையும், இன்னின்ன பதிப்பு என்று குறித்து, பள்ளியிலேயே ஒரு பிரதி பத்திரப்படுத்தினாள். யார் கோபித்துக்கொண்டு எதை அழித்தாலும் அச்சகம் நிற்காது.

அலுவலகத்தில் இப்போது அவளோடு வேலை செய்வது முன்னைவிடக் கஷ்டம் என்று பேச்சு. "ஓடுதுக்கா, தாங்க்ஸ்" என்று சொல்கிறவரை விட மாட்டாள். "ஓடுறது இருக்கட்டும். வர்றதை யாரு படிக்கிறாங்க? அவங்களைக் கூப்பிடுங்க" என்பாள். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரும் கிடங்கிலிருந்து ஒருவரும் வந்து, திரையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு தடவை அவர்கள் தலையை இடவலமாக ஆட்டியதும் உண்டு. மேலாளர் முணுமுணுப்பார், ஆனால் தடுப்பதில்லை.

சென்ற வாரம் நீச்சல் பயிற்சியாளர் புதுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டார். அவள் உடனே அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"சார், புது வெர்ஷன் வந்திருக்கு. இன்னும் வேகமா ஓடுமாம். போட்டுடலாமா?"

"இப்போ ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் பிழைதிருத்துபவர். "குழந்தைங்க பரீட்சை முடியட்டும். லீவுல வா, ஒரு பக்கம் அடிச்சுப் படிச்சுப் பார்ப்போம். உங்க அத்தையையும் கூட்டிட்டு வா, கைதட்ட ஆள் வேணும்."